வெண்ணெய்ப்பழ இலைத் தண்ணி

சர்க்கரை வியாதிக்கென்று அக்காவின் வீட்டுக்காரர் வெண்ணெய்ப்பழ இலையைக் கொதிக்க வைக்கிறார். அடுப்படியெல்லாம் அந்த இலையின் சோம்பு மாதிரி வாசனை. எனக்கோ பெரியப்பாவின் நாற்றம் பிடித்த கால்தான் நினைவுக்கு வருகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது, தங்கச்சிமடத்தில் பெரியப்பாவுக்கும் இதே வியாதி. கிளிஞ்சல் கீறிய கால் புண் ஆறவில்லை. மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, கொடைக்கானலுக்குக் கருவாடு ஏற்றிப்போன லாரிக்காரரிடம் சொல்லி இந்த இலையை மூட்டையாக வரவழைத்தார். செம்பு செம்பாகக் குடித்தார். கசக்கிறதென்று செம்புக்கு ஒரு கருப்பட்டி.

"சர்க்கரைக்கு மருந்து குடிக்கிறீக, அதுல கருப்பட்டியா?" என்றாள் பெரியம்மா.

"ஏடி, சீனிதான் ஒடம்புக்கு ஆகாது. கருப்பட்டி நம்ம பனையில வாரது, அது என்ன செய்யும்?"

அந்த மேதையிடம் தெருவே இலை வாங்கிப் போனது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். கட்டிலில் கிடந்தபடி என்னிடம் பெருமையடித்தார்: "ஏலே, இலைத் தண்ணி குடிச்சதாலதான் வெரலோட போச்சு. இல்லேன்னா காலே போயிருக்கும்."

இப்போது மச்சான் டம்ளரை ஊதி ஊதிக் குடிக்கிறார்.

"மாத்திரை போட்டீகளா மச்சான்?"

"இது இருக்கையில மாத்திரை எதுக்குலே?"

நான் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, இனிமே ஒன் புருசனுக்கு ஒத்தைச் செருப்பு வாங்குனாப் போதும்."