பெட்டை, சிக்கோ, முச்சாச்சா

முதியோர் இல்ல வேலையிலை எங்களுக்கு முதுகு போகும், அங்கை இருக்கிறவைக்குப் பாஷை போகும். இதே வேலையிலை மாயிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஜெர்மனியிலை, ஹம் நகரத்திலை, எங்கட மாடியிலை மோரெனோ ஐயா எண்டொரு ஸ்பானியக்காரர் இருக்கிறார். இளந்தாரியாய் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தவர். மறதி வருத்தத்திலை ஜெர்மன் முழுக்கக் கழண்டு, இப்ப தாய்ப்பாஷை மட்டும்தான் மிச்சம்.

நாய்க்கு வைச்ச பேர்

பக்கத்து அறை அம்மாவின்ரை மகள் வரேக்கை நாயும் வரும். பேர் சிக்கோ. இந்த நாட்டிலை தெருவுக்கொரு சிக்கோ குலைக்குது. ஸ்பானிய பாஷையிலை அது பொடியன் எண்டு சொல்லுற சொல்லு. ஒருநாள் அவ நடையிலை நிண்டு "சிக்கோ" எண்டு கூப்பிட, நாய் அசையேல்லை. கதிரையை விட்டு எழும்பமாட்டன் எண்டு மூண்டு நாளாய் அடம்பிடிச்ச ஐயா, ரோலாட்டர் எண்ட நடைவண்டியைப் பிடிச்சு எழும்பி, அவவுக்கு முன்னாலை போய் நிண்டார்.

"என்ரை நாய் ஒருநாளும் இப்பிடிச் சொல்வழி கேட்டதில்லை" எண்டா அவ.

சம்பந்தி வீட்டிலை

என்ரை மகன் விரும்பினது ஸ்டுட்கார்ட்டிலை இஞ்சினியராய் இருக்கிற மதுரைப் பிள்ளையை. முதல் தரம் பார்க்கப் போனம். பிள்ளை தேத்தண்ணி கொண்டு வர, நான் எங்கட ஊர் வழக்கத்திலை என்ரை மனுசனிட்டை, "பெட்டை நல்ல வடிவு, என்ன?" எண்டன். பிள்ளையின்ரை தாய் தட்டைக் கீழை வைச்சா.

"எங்க ஊர்ல கோழியையும் நாயையும்தாங்க பெட்டைன்னு சொல்லுவோம்."

முச்சாச்சா

மோரெனோ ஐயா தண்ணி குடிக்கிறது மரிசெல் கையாலை மட்டும்தான். மரிசெல் பிலிப்பைன்ஸிலை இருந்து வந்த தாதி. அவவை அவர் ஆசையாய் "முச்சாச்சா" எண்டுவார். ஸ்பானிய பாஷையிலை இளம் பொம்பிளைப் பிள்ளை எண்டு அர்த்தமாம். கேட்டுக் கேட்டு நாங்களும் பகிடிக்கு அப்பிடியே கூப்பிட்டம். முதல் ஆள் நான்தான். ஒரு திங்கக்கிழமை மரிசெல் வேறை மாடி கேட்டு எழுதிக் குடுத்திட்டா. ஏன் எண்டு கேட்டன்.

"எங்கட நாட்டிலை வேலைக்காரியைத்தான் முச்சாச்சா எண்டுறது. நான் நாலு வருசம் படிச்சிட்டு வந்தனான்."

எனக்கு வெக்கமாய்ப் போச்சு.

ஒரு கோப்பை தண்ணி

மரிசெல் அண்டைக்கே மற்ற மாடிக்குப் போட்டா. புதன்கிழமை வரைக்கும் ஐயா தண்ணிக்கு வாயைத் திறக்கேல்லை. பின்னேரத்துக்குள்ளை குடிக்காட்டி ஆஸ்பத்திரிதான் எண்டிட்டார் டொக்டர். மறதிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்தக் கோலத்திலை திரும்பி வருவினம் எண்டு உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயம் பிடிச்சுது. மற்ற மாடிக்கு ஓடிப்போய் மரிசெலிட்டை முதலிலை மன்னிப்புக் கேட்டன். பிறகு பெட்டைக் கதையைச் சொன்னன். "நான் பாசமாய்த்தான் சொன்னனான். அந்தத் தாய்க்கு அது நாய் எண்டு கேட்டது. ஐயாவும் பாசமாய்த்தான் கூப்பிடுறார்" எண்டன். மரிசெல் சிரிக்கேல்லை. "கலியாணம் நடந்ததோ?" எண்டு கேட்டா. "ஓம், பேரப்பிள்ளையும் இருக்கு" எண்டன். என்னோடை இறங்கி வந்து கோப்பையை எடுத்தா.

ஐயா அவவைக் கண்டதும் "முச்சாச்சா" எண்டு வாயைத் திறந்தார். கோப்பையிலை ஒரு சொட்டு மிச்சமில்லை. எனக்குக் கண் கலங்கிப் போச்சு. மரிசெல் அவரின்ரை வாயைத் துடைச்சிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா.

"இவர் கூப்பிடலாம். நீங்கள் கூப்பிடக்கூடாது."

நான் கூப்பிடுறேல்லை, ஆனால் என்னையும் ஒருக்கால் அப்பிடிக் கூப்பிடுவார் எண்ட ஆசையிலை நானும் கோப்பையோடை போய் நிண்டு பார்த்தன், ஐயா பெரிய அம்மாமாரைக் கூப்பிடுற மரியாதையோடை "சென்யோரா" எண்டு சொல்லி வாயை இறுக்கி மூடிப்போட்டார்.