அக்கா வரைந்த தவளை இதயம்

என் அக்கா மகள் செல்வி வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்லூரியில் ஓவியமும் கணினி விளையாட்டு வடிவமைப்பும் கற்றுத்தருகிறாள். அக்காவும் நானும் அவள் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தோம். அவள் பாடம் நடத்தும் மிடுக்கைக் கண்டு எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கணினியைத் தொடும் முன் எல்லோரும் தாளில் வரைய வேண்டும் என்பது அவள் வைத்த வழக்கம். நாற்பது பேர் பென்சில் சீவிய வாசம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த அடி அண்ணாமலை வீட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே அக்கா குப்புறப் படுத்து, என் பத்தாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருந்தாள். எட்டாவதோடு அவள் படிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

"அரிசி களைய ஆளில்ல, உனக்குத் தவளை கேக்குதா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்.

மறுநாள் அறிவியல் ஆசிரியர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "யார்ரா வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"இது லேசுப்பட்ட கை இல்லடா. ஓவியக் கல்லூரிக்குப் போகணும். உங்கப்பாகிட்ட நானே பேசறேன்."

"வேணாம் சார், நான் இன்ஜினியர் ஆவப்போறேன்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அக்காவுக்காகப் பேசியிருப்பார்.

"வரைஞ்சவங்க கீழ பேர் எழுதுங்க" என்று செல்வி சொன்னது காதில் விழுந்தது. நான் எழுந்து, நடந்ததை எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன்.

"பசங்களா, இவனுக்கு மார்க்கைக் கம்மி பண்ணுங்க!" என்றாள் அக்கா. வகுப்பே சிரித்தது.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த சார் என்ன சொன்னாருன்னு இன்னொரு வாட்டி சொல்லுடா."