மிதந்ததும் மூழ்கியதும்

தொலைபேசி மணியடித்தால் அந்த அம்மாள் எடுப்பதில்லை. மருமகள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவரும்வரை, அடுத்த வீட்டுக் குழந்தை அழுவதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைகளில் எல்லாம் விரல்தான். காய்கறிக்காரர் ஒருநாள் பொறுக்காமல், “வாயைத் திறந்தா அதுக்கும் சேர்த்தா காசு கேட்கப் போறேன்?” என்றார். இவர் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு தக்காளியைத் தொட்டுக் காட்டினார்.

பிறவியிலிருந்தே இப்படியில்லை. பேச்சுதான் அவர் பிழைப்பு. சோப்பு விளம்பரத்தில் பேசியது அவர். நகரப் பேருந்துகளில் அடுத்த நிறுத்தம் எதுவென்று சொன்னது அவர். பெரிய துணிக்கடையின் லிஃப்டில் “கதவு மூடுகிறது” என்றதும் அவரே. அந்த லிஃப்டில் ஏறினால், தன் குரல் சொல்வதைக் கேட்டுத் தானே பணிவாக ஒதுங்கி நிற்பார். கழுத்தில் கட்டி வந்து அறுத்தெடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. இப்போது பேசினால் அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம். கேட்பவர் முகம் சுளிப்பதற்கு முன் அவரே சுளித்துக்கொள்வார்.

பேருந்திலும் லிஃப்டிலும் ஒவ்வொன்றாகக் குரலை மாற்றிவிட்டார்கள். மிச்சமிருந்தது கோளரங்கம் ஒன்றுதான். அங்கே, வட்டக் கூரைக்குக் கீழே, நிலா பிறந்த கதையை அவர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இளம் பூமியின்மேல் செவ்வாய் அளவுக்கு ஒரு கோள் வந்து மோதியது. உருகித் தெறித்த பாறையெல்லாம் பூமியைச் சுற்றி வளையமாய்ச் சுழன்று, திரண்டு, நிலாவாயிற்று. அன்று நிலா இவ்வளவு தூரத்தில் இல்லை. வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதன்மேல் தண்ணீரில்லாத ஒரு கடல், கொதிக்கும் பாறைக் குழம்புக் கடல். இந்த இடத்தில் அவர் குரல் தாழும். கூட்டத்தில் இருமுகிறவர்கூட இருமலை அடக்கிக்கொள்வார்.

அந்தப் பதிவை ஒரே மூச்சில் முடித்தவர் அவர். ஒலிப்பதிவாளர், “மேடம், அந்தக் கடல் வர்ற பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை போயிடலாமா?” என்று தலையைச் சொறிந்தார். “என் வாசிப்பிலயா தப்பு?” என்றார் இவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தாளில் இருப்பதை அழகாகச் சொல்வது தன் வேலை, அர்த்தம் எழுதியவர் பாடு என்பது அவர் எண்ணம்.

மருமகள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒரு மாலை திருத்திய விடைத்தாள்களோடு வந்து உட்கார்ந்தவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

“பாருங்க அத்தை, அந்தக் குழம்புக் கடல்ல கனமான கல்லெல்லாம் மிதந்துச்சாம், லேசான கல்லெல்லாம் மூழ்கிப்போச்சாம். ஒரு வரிசை பூரா இதையே எழுதி வெச்சிருக்குதுங்க. லேசான வெள்ளைக் கல்லுதானே மேல மிதந்து தோலா உறைஞ்சுது? இன்னைக்கும் நிலாவுல வெள்ளையாத் தெரியறது அதுதானே? காப்பி அடிச்சீங்களான்னு கேட்டா, ஒரு வாயாடிப் பொண்ணு எழுந்து நின்னு, நீங்க வராத அன்னைக்குக் கோளரங்கத்துல அப்படித்தான் சொன்னாங்க மிஸ்ங்கிறா.”

“நீ என்ன சொன்னே?” என்றார் இவர்.

“என்ன சொல்றது? அது எங்க அத்தை குரல்டி, அவங்க தப்பாப் பேசுவாங்களான்னு கேட்டேன். பொய் வேற சொல்றியான்னு நிக்க வெச்சேன்.” மருமகள் பெருமையோடுதான் சொன்னாள்.

மறுநாள் மருமகள் பள்ளிக்குக் கிளம்பியதும் இவர் கோளரங்கத்துக்குப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விளக்கணைந்தது. மோதல் வந்தது, வளையம் வந்தது, கடல் வந்தது. “கனமான பாறைகள் மெல்ல மெல்ல மேலே மிதந்து வந்தன,” என்றது தேன் தடவிய அந்தக் குரல், “இலேசானவை ஆழத்தில் மூழ்கிப் போயின.” ஆழத்தில் என்று சொல்லும்போது அவ்வளவு அழகான ஓர் இறக்கம். அந்த இறக்கத்துக்காகத்தான் அன்று சொற்கள் இடம் மாறியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர் மனைவியிடம், “என்னா குரல்!” என்றார். இவர் இருட்டிலும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

ஒலிப்பதிவாளர் இப்போதும் அங்கேதான் இருந்தார். கருவிகளுக்கு நடுவே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இவர் சொன்னதைக் கேட்டார்.

“எனக்கு எப்பவுமே அந்த இடம் இடிக்கும் மேடம். ஆனா கேக்கச் சுகமா இருந்துச்சு. அர்த்தத்தை யார் பாத்தாங்க?”

“அந்த ஒரு வரியை மாத்த முடியாதா?”

அவர் இவருடைய கழுத்தைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார். “உங்க பழைய குரல் நடுவுல இப்ப உள்ளதை எப்படி ஒட்டுறது? முழுசா வேற ஆளை வெச்சுத்தான் எடுக்கணும். மேலிடத்துல ஏற்கெனவே ஒரு சின்னப் பொண்ணைப் பத்திப் பேசிட்டுத்தான் இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இதைத் தூக்கிடுவாங்க.”

ஒரு வார்த்தை. அது வாய் வரை வந்தது. “யோசிச்சுச் சொல்றேன்,” என்று வந்துவிட்டார்.

யோசிக்க என்ன இருந்தது? பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னால் ஒரு நிமிடத்தில் விஷயம் தீர்ந்துவிடும். அவரும் தீர்ந்துவிடுவார். இந்த உலகத்தில் அவர் நன்றாகப் பேசும் இடம் அந்தக் கூரைக்கடியில் மட்டுமே இருந்தது. பரீட்சைதானே, அடுத்த பரீட்சை வந்தால் இதை மறந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மருமகள் சோறு போட வந்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “தொண்டை வலிக்குதா அத்தை?” என்று அவள் மிளகுப்பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தது வலியைவிட மோசமாக இருந்தது. அதையும் குடித்தார்.

அந்த வாரக் கடைசியில் மருமகள் பையை நாற்காலியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: “ஒருவழியா ஒத்துக்கிட்டா, அந்த வாயாடி. அவங்க அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். அம்மாவைப் பாத்ததும் எழுந்து நின்னு, ‘கோளரங்கத்துல அப்படிக் கேக்கவே இல்ல மிஸ், நானாத்தான் சொன்னேன், மன்னிச்சுடுங்க’ன்னா. அவங்க அம்மாவுக்கு மூஞ்சியே இல்ல. இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?”

அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். காதால் கேட்டதைக் கேட்கவில்லை என்று ஒரு குழந்தை சொல்லிவிட்டது. சொல்ல வைத்தது யார் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரியும்.

“அவ கேட்டா,” என்றார்.

“என்ன அத்தை?”

“அவ பொய் சொல்லல. என் குரலைக் கேட்டுத்தான் எழுதினா. நான்தான் மாத்திப் படிச்சிருக்கேன்.” தொண்டை கரகரத்தது, விடாமல் இழுத்துக்கொண்டு போனார். “எனக்குத் தெரியும். நீ சொன்ன மறுநாளே போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்.”

மருமகள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாக, “மறுநாளேவா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “அவ அழுதா அத்தை. அழுது ஏமாத்தறியான்னு அதுக்கும் திட்டினேன்,” என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த நாள் மருமகள் வகுப்பில், தப்பு தன்மேல்தான் என்று அந்தப் பெண்ணிடம் எல்லார் முன்னாலும் சொன்னாள். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தாள். அதே நேரத்தில் இவர் கோளரங்க மேலாளரின் அறை வாசலில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். மேலாளர் வருத்தப்படுவதுபோல் இருந்துவிட்டு, புதுக் குரலுக்குத் தேதி குறித்தார். இவர் ஒன்றே ஒன்று கேட்டார்: தூக்குவதற்கு முன் மருமகளின் வகுப்பு இன்னொரு முறை வரட்டும், அந்த வரி வரும்போது பதிவை நிறுத்திவிட்டு மைக்கைத் தன்னிடம் கொடுக்கட்டும்.

பிள்ளைகள் வந்தார்கள். இவர் பின்னால், ஒலிப்பதிவாளரின் தடுப்புக்குள் இருட்டில் நின்றார். கடல் வந்தது. பழைய குரல் பாதியில் நின்றது.

“இலேசான பாறைகள் மேலே மிதந்தன,” என்று சுரண்டினார் இவர். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. “மிதந்து உறைந்து வெள்ளைத் தோலாயின. கனமானவை மூழ்கின. பின்னால் பெரிய பெரிய கற்கள் வந்து மோதிப் பள்ளம் பறித்தன. அடியிலிருந்து பாறைக் குழம்பு கசிந்து வந்து அந்தப் பள்ளங்களை நிரப்பியது. நாம் பார்க்கும் கறுப்புத் திட்டுகள் அவைதான். இதுவரை இங்கே மாற்றிச் சொன்னது தவறு.” மைக் பல்லில் இடித்தது. அதற்கும் சிரித்தார்கள். மீதிக் கதையைப் பழைய குரல் வாங்கிக்கொண்டு, நிலாவைப் பூமியிலிருந்து மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டு போயிற்று.

விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். அந்த வாயாடிப் பெண், கூட்டத்தில் யாரையோ தேடியபடி ஆசிரியையின் கையை இழுத்தாள்.

“மிஸ், அந்த நல்ல குரல் ஆன்ட்டி, உங்க அத்தை, அவங்க வரலையா?”

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். எதையோ சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தாள்.

அதற்குள், தடுப்பிலிருந்து வந்து சுவரோரம் நின்றிருந்த அவர், வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் தூக்குவதுபோல, வலது கையை மேலே தூக்கினார்.