முதல் கட்டத்தில் அந்தோணிராஜ்

சகாயராணிக்கு அவள் அப்பாவின் பெயரால் ஆறு வாரத்தில் கிடைத்த மரியாதை, சொந்தப் பெயரால் ஆறு வருடமாகக் கிடைக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து அதைப் பார்த்தவள் நான். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலை. நான் நசீம் பானு, கொள்முதல் பிரிவு. சகாயராணி நூல் சோதனைப் பிரிவு. பாலிடெக்னிக்கில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு, சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வேடசந்தூர்ப் பக்கம் உள்ள எங்கள் இரண்டாவது மில்லின் நூலும் தொகுதி தொகுதியாக, லாட் எண் போட்டு, இவளிடம்தான் சோதனைக்கு வரும். பலம் குறைந்த நூலை அனுப்பாதே என்று சொல்வது இவள் வேலை. நிறுத்துவது அங்கே லோடு ஏற்றும் பிரிவைப் பார்க்கும் சோலைமுத்துவின் வேலை.

அவள் போன் செய்வாள். மறுமுனையில் சோலைமுத்து, "செத்த நேரம் பொறும்மா, அங்கிட்டு சார் யாராச்சும் இருந்தா குடு" என்பார். மேலாளர் பெருமாள்சாமி போனை வாங்கி, அவள் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொல்வார். உடனே லோடு நிற்கும். மேலாளர் சீட்டில் இல்லாத நாளில் லாரி கிளம்பிவிடும். அந்த நூல் திருப்பூரிலிருந்து திரும்பி வந்தால், சோதனையில் கோட்டை விட்டாள் என்று பழி இவள் தலையில் விழும்.

போன ஜூன் மாதம் இரண்டு மில்லிலும் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் மெசேஜ் அனுப்பும் மென்பொருள் ஒன்றைப் போட்டார்கள். கம்ப்யூட்டர்காரர் இளஞ்செழியன் வந்து ஏற்றிக் கொடுத்தார். "பேரு, பாஸ்வேர்டு நீங்களே போட்டுக்கங்க. பேருக்குப் பக்கத்துல பச்சப் புள்ளி வந்தா ஆள் சீட்டுல இருக்காங்கன்னு அர்த்தம். அம்புட்டுத்தான்" என்று பாடத்தை முடித்துவிட்டுப் போனார். பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. எனக்குச் சிக்கலே இல்லை. நசீம் ஒன்றில், பானு ஒன்றில். சகாயராணியோ ஒன்றாம் வகுப்பிலிருந்து 'அ. சகாயராணி' என்று எழுதிப் பழகியவள். முன்னால் வருவது அப்பாதானே! முதல் கட்டத்தில் அந்தோணிராஜ், இரண்டாவதில் சகாயராணி என்று அடித்துவிட்டாள். அந்த மென்பொருள் முதல் கட்டத்தை முழுசாகக் காட்டும், இரண்டாவதில் ஓர் எழுத்தை மட்டும் காட்டும். திரையில் 'அந்தோணிராஜ் ச' என்று பச்சைப் புள்ளியோடு வந்து நின்றது.

வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் அப்பா வெங்காயம் போடுகிற விவசாயி, பரம சாது. அவர் விரட்டினால் வீட்டுக் கோழிகூட நகராது.

மறுநாள் அவள் சோலைமுத்துவுக்கு, 'லாட் 218 அனுப்ப வேண்டாம். பலம் பத்தல' என்று எழுதினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது: 'சரிங்க சார். இறக்கிட்டேன்.'

புதிதாக ஒரு ஆண் வந்திருக்கிறான் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். வேலை சுலபமாக நடந்ததால் இவளும் விட்டுவிட்டாள். ஆறு வாரத்தில் பதினேழு முறை நிறுத்தச் சொன்னாள். பதினேழு முறையும் 'சரிங்க சார்.' ஒரு லோடுகூடத் திரும்பி வரவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவராகவே இப்படி எழுதினார்: 'சார் நீங்க வந்தப்பறம்தான் லேப் உருப்படியா இருக்கு. முந்தி ஒரு பொம்பள இருந்துச்சு. சும்மா சும்மா நிறுத்தச் சொல்லும்.'

அதை அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகம் சிவந்திருந்தது. நேராக மேலாளர் அறைக்குப் போனாள். நானும் கூடவே போனேன்.

"பேர மாத்தப் போறேன் சார்."

"வேலை நடக்குதுல்லம்மா? பேர்ல என்ன இருக்கு?" என்றார் பெருமாள்சாமி.

"ஒண்ணும் இல்லைன்னா உங்க பேர மாத்தி சகாயராணின்னு வச்சுக்கங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. "மாத்து. ஆனா அவரு பழையபடி லோட அனுப்பிவிட்டு, அது திரும்பி வந்துச்சுன்னா, உன் சீட்டுல வேற ஆளப் போட்ருவாங்க. நான் குறுக்க வர மாட்டேன்" என்றார்.

சீட்டுக்குத் திரும்பும்போது எனக்கே பயமாக இருந்தது. "இப்ப மாத்தணுமாடி?" என்று கேட்டேன். "எங்கப்பாவுக்கு நூலப் பத்தி என்னடி தெரியும்? சோதன பண்ணது நான். ஏச்சு வாங்குனது நான்" என்றாள்.

அன்று மூன்று மணிக்கு வேடசந்தூர் மில்லில் திருப்பூர் லோடோடு லாரி கிளம்பத் தயாராக நின்றது. அதில் ஏற்றிய லாட்டின் மாதிரி நூல் எங்கள் சோதனை இயந்திரத்தில் பட்பட்டென்று அறுந்தது. முதலில் அவள் பெயரைத் திருத்தினாள். முதல் கட்டத்தில் சகாயராணி. அப்புறம்தான் எழுதினாள்: 'லாட் 263 அனுப்ப வேண்டாம்.'

பதிலுக்குப் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. 'எழுதுங்க' என்று மட்டும் தட்டினாள்.

'சார் இல்லியா? மேனேஜர்ட்ட கேட்டுக்கிறேன்.'

அப்போதுதான் நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். பெயரை மாற்றியதும் பழைய மெசேஜ்களிலும் பெயர் மாறியிருந்தது. ஆறு வார உத்தரவுகளும் சகாயராணி பெயரில் நின்றன. ஒவ்வொன்றின் கீழும் சோலைமுத்துவின் 'சரிங்க சார்.' அவள் உடனே எழுதினாள்: 'மேல தள்ளிப் பாருங்கண்ணே. பதினேழு தடவ யாரு சொல்லி நிறுத்துனீங்கன்னு படிங்க. அந்தோணிராஜ் எங்கப்பா. அவரு வெங்காயக் காட்டுல இருக்காரு.'

பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. மனிதர் படித்துக்கொண்டிருந்தார் போல. நாலு நிமிடம் கழித்து ஒரே வார்த்தை வந்தது. 'நிறுத்தியாச்சு.'

எனக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. 'யாரு சொல்லி நிறுத்துனீங்க? அதையும் எழுதுங்க' என்று தட்டினாள்.

அங்கே அவர் எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பது திரையில் தெரிந்தது. இவள் நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

'சகாயராணி மேடம் சொல்லி.'