பழைய கோர்ட்டின் பின் வராண்டா

செஞ்சியில் பழைய கோர்ட்டுக் கட்டடம் இன்னும் நிற்கிறது. புதிதாக வேறு கட்டிவிட்டார்கள், கேஸெல்லாம் இப்போது அங்கேதான். பழையது கோட்டையிலிருந்து உருட்டி வந்த கல்லில் கட்டியது என்பார்கள். எனக்குத் தெரியாது. சுவர் மட்டும் அவ்வளவு கனம். ஜன்னல் மேடையில் சின்னப் பிள்ளை படுத்துத் தூங்கலாம். மேலே தேக்கு உத்தரம். நாலு பக்கமும் தூண் வைத்த வராண்டா.

பழையதில் கோர்ட்டு நடந்த காலத்தில் எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுக் கேஸ். போட்டவர் நைனா, என் அப்பா. பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தொண்டூரிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போவார்கள். இவர் முன்னால், அவர் பின்னால்.

அன்று பள்ளிக்கூடம் லீவு, நானும் போனேன். சித்தப்பா சாட்சி சொல்ல வேண்டிய நாள். முன்பே வாய்தா வாங்கி வாங்கித் தள்ளியிருந்தார். இன்றும் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் கிணறு நமக்குத்தான் என்று வக்கீல் நைனாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். கிணறு வந்தால் கடலைப் பயிர் காயாது. அது அம்மா தினமும் சொல்வது.

சும்மா இருக்க முடியாமல் கட்டடத்தைச் சுற்றினேன். பின் வராண்டாவில் வெயிலே இல்லை. கல்தரை ஜில்லென்று இருந்தது. சித்தப்பா துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இரவு கரண்ட் வந்த நேரத்தில் தண்ணீர் பாய்ச்சிய அலுப்பு. அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

அப்போது முன்பக்கம் டவாலி அவர் பெயரைக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். பெரிய குரல்தான். அந்தச் சுவர்களைத் தாண்டி வந்தபோது யாரோ முனகுவது போல இருந்தது. சித்தப்பா அசையவில்லை.

ஓடிப்போய் நைனா காதில் சொன்னேன்.

"நைனா, சித்தப்பா பின்னால தூங்குது. அங்க ஒண்ணுமே கேக்கல."

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். நைனா எழுந்தார். நன்றாகத் தூங்குகிறாரா என்று பார்க்கத்தான் போகிறார் என நினைத்து நானும் பின்னால் போனேன். நைனா காலால் அவர் காலைத் தட்டினார்.

"டேய். உன் பேரக் கூப்புடறாங்க. எழுந்து போ."

சித்தப்பா விழித்தார். "இன்னாண்ணா, நீயா எழுப்புற?"

"கேக்கறதுக்கு இதா நேரம்? துண்ட எடுத்துகினு ஓடு."

மூன்றாவது முறை கூப்பிடும்போது சித்தப்பா வாசலில் நின்றார். வக்கீல் நைனாவை ஏற இறங்கப் பார்த்தார். சித்தப்பா நன்றாகவே சாட்சி சொன்னார். பிறகு தீர்ப்பும் அவர் பக்கமே போனது.

அன்று திரும்பும்போதும் இவர் முன்னால், அவர் பின்னால்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன்.

"தூங்கினிருந்தவர நைனாவே எழுப்பிவுட்டுச்சும்மா."

நைனா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா பிடிபிடியென்று பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கருவாட்டுக் குழம்பைத் துழாவி, இருந்ததில் பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். கிணற்றை விட்டுவிட்டு வந்தவருக்கு எதற்குப் பெரிய துண்டு என்று எனக்குக் கோபமாக வந்தது.