வெடியுப்பும் குல்ஃபியும்

தியாகராய நகரில் குல்ஃபி கடை வைத்திருக்கும் மெஹபூப் அலியை எதையும் நம்பவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பால்காரர் கண்ணெதிரிலேயே பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். ஏலக்காய் வாங்கினால் மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கச் சொல்வார். ஆட்டோ மீட்டர், தண்ணீர் கேன், கல்யாண வீட்டுப் பிரியாணி என்று எல்லாவற்றிலும் ஏதோ ஒரு தில்லுமுல்லு இருப்பதாகவே அவருக்குப் படும். அவருக்குத் தன் நாக்கு ஒன்றுதான் சாட்சி. பால் போதுமான அளவு சுண்டியதா, சர்க்கரை அவசரப்பட்டு விழுந்ததா என்று அது சொல்லிவிடும். அந்த நாக்கின் பேரைச் சொல்லித்தான் கடைக்குக் கூட்டம் வந்தது.

அந்த மனிதருக்குப் போய்ப் பல்கூச்சம் வந்தது. ஜில்லென்று எது பட்டாலும் உச்சந்தலை வரைக்கும் சுண்டி இழுக்கும். குல்ஃபிக்காரருக்குக் குல்ஃபி ஆகாது என்று வெளியே சொல்ல முடியுமா? அடுப்பையும் ருசி பார்க்கிற வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாக மகன் ஃபராஸ் சொன்னான். மெஹபூப் அலி கல்லாவில் உட்கார்ந்தார். ஒரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

மனைவி ஷகீலாதான் பொறுக்கமாட்டாமல் அவரை மயிலாப்பூருக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பல் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மியிடம் காட்டினார். டாக்டர் ஒரு பற்பசை எழுதிக்கொடுத்தார். தேய்க்கத் தேய்க்கக் கூச்சம் அடங்கியது. கூட்டமில்லாத ஒரு மத்தியானம் துணிந்து தன் கடைக் குல்ஃபி ஒன்றைக் கடித்தார். பல் சும்மா இருந்தது. ஆனால் ருசியைக் காணோம். வெறும் தித்திப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் பற்பசைக் குழாயை ஜன்னலோரம் பிடித்துப் பொடி எழுத்துகளைப் படித்தார். பொட்டாசியம் நைட்ரேட் என்று இருந்தது. அது வேறொன்றுமில்லை, வெடியுப்புதான், பட்டாசிலும் போடுவார்கள், பல் நரம்பை அடக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இது போதாதா அவருக்கு? பல்லின் நரம்பை அடக்குகிற உப்பு நாக்கை மட்டும் விட்டுவைக்குமா? நாக்கு போனால் அவர் யார்? சில்லறை கொடுக்கிற ஒரு கிழவர், அவ்வளவுதான். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மறுபடியும் டாக்டரிடம் ஓடினார்.

“அது பல்லுக்குள்ள இருக்கற நரம்பைத்தான் சாந்தப்படுத்தும் பாய், நாக்கை ஒண்ணும் பண்ணாது. மத்த சாப்பாடெல்லாம் ருசியாத்தானே இருக்கு?” என்றார் டாக்டர். பயமாக இருந்தால், பல்லில் இருக்கிற நுண்ணிய துளைகளைச் சுண்ணாம்புச் சத்தால் அடைக்கிற வேறொரு பசை இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். அதுவும் வெடியுப்பு மாதிரி எங்கேயோ மண்ணில் தோண்டி எடுத்ததாகத்தானே இருக்கும் என்று மெஹபூப் அலிக்குத் தோன்றியது. கம்பெனிக்கு டாக்டர் பரிந்து பேசுவது வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான் என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார்.

அன்றோடு பற்பசையை நிறுத்தினார். கூச்சம் திரும்பி வந்தது, கடைக் குல்ஃபியில் ருசி வரவில்லை. ஆனால் ஷகீலாவின் மீன்குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் தெரிந்தது. இது என்ன கூத்து என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு குல்ஃபிக் கடையைத் தேடி அடையாறுக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். உயிர் போகிற கூச்சம். கண்ணில் நீர் முட்டியது. கூடவே சுண்டக் காய்ச்சிய பாலின் அந்த வாசமும் அடிநாக்கில் ஏறியது. நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

பஸ் ஏறும்போது சந்தோஷம் தாங்கவில்லை. கோட்டூர்புரம் வருவதற்குள் அது வடிந்துவிட்டது. நாக்கும் சரி, பற்பசையும் சரி என்றால் தப்பு வேறெங்கோ இருக்க வேண்டுமே.

கடையில் ஃபராஸ் குல்ஃபி அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“பாலைச் சுண்டக் காய்ச்சுறியாடா?” என்று கேட்டார்.

ஃபராஸ் தலையைத் தூக்கவில்லை. “இல்ல அத்தா. பால் பவுடரும் எசென்ஸும்தான். ஒரு வருஷமா இப்படித்தான் போய்க்கினு இருக்கு. நீங்கதான் ஜில்லுனு எதையும் வாயில வெக்க மாட்டீங்களேன்னு...”

ஊரையே சந்தேகப்பட்டவருக்கு இவனைச் சந்தேகப்பட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தப் பற்பசை நிஜமாகவே தன் நாக்கைச் சாகடித்திருக்கக் கூடாதா என்றுதான் அவருக்கு இருந்தது.