பன்னிரண்டு மணிக்கு இடப்பக்கம்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது அட்டவணை சரிபார்க்கும் வேலை. ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசை. அம்மா காகிதத்தைப் பார்த்து எண்களை வாசித்தாள். மகள் மடிக்கணினியில் ஒப்பிட்டு "ம்" போட்டாள்.

"தூங்கிட்டே ம் போடுறியா?"

"நீ தாலாட்டு மாதிரி படிச்சா வேற என்ன பண்றது?"

அம்மா முப்பது வருட நர்ஸ். செவிலியப் பணியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது வயது ஐம்பத்தாறு. "பேரப்பிள்ளையக் கொஞ்சுற வயசுல..." என்று அத்தை இழுத்தாள். "முதல்ல இவ பெக்கட்டும் அண்ணி, பிள்ளையையும் பட்டத்தையும் சேர்த்துக் கொஞ்சுறேன்" என்று மகளைக் கைகாட்டிவிட்டு அம்மா விண்ணப்பத்தை நிரப்பினாள்.

படுத்த படுக்கையாய் இருப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டினால் படுக்கைப் புண் எவ்வளவு குறையும் என்பதுதான் ஆய்வு. புரட்டிய நேரத்தையும் பக்கத்தையும் கட்டிலில் தொங்கும் தாளில் நர்ஸ்கள் குறிப்பார்கள். எட்டு மாதத் தாள்கள் சேர்ந்தன.

மகளுக்கு அளவுக் கருவிகளைச் சோதிக்கும் உத்தியோகம். அந்தத் தாள்களை முதல் தடவை பார்த்தபோது அவள் கண்ணில்தான் அது பட்டது.

"அம்மா, இவரு பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் ஸ்கேன் அறையில இருந்திருக்காரு. பன்னிரண்டு மணிக்கு இடப்பக்கம் புரட்டுனது யாரு?"

கையெழுத்து அம்மாவுக்குத் தெரிந்ததுதான். இருபது வருடம் கூடவே வேலை பார்த்த, சுருட்டை என்று அம்மா கூப்பிடும் தோழியுடையது. நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். எழுத நேரம் கிடைக்காது என்று, வந்ததும் பகல் முழுவதற்கும் தாளை நிரப்பிவிட்டுத்தான் ஓட ஆரம்பிப்பார்கள்.

"ஒரு வரிதானே. எடுத்துடலாம்" என்றாள் மகள்.

"மிச்ச வரிக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?" அம்மா இன்னொரு தாளை உருவி முன்னால் வைத்தாள். "இது யார் கையெழுத்துன்னு பாரு."

அம்மாவுடையது. ஆறு நேரமும் ஒரே மையில், ஒரே சாய்வில்.

எட்டு மாதத் தாள்களையும் அம்மா ஓரங்கட்டினாள். விடுப்பு நாட்களில் வார்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, புரட்டுவதைக் கண்ணால் பார்த்துக் குறித்தாள். ஒரு வருடம் கூடுதலாகப் போயிற்று. முன்கூட்டியே நிரப்பும் பழக்கத்தை நாலாவது அத்தியாயத்தில் எழுதினாள், தன்னையும் சேர்த்தே. ஆனால் சுருட்டை படித்துச் சரி என்று சொல்லாமல் ஒப்படைக்கமாட்டேன் என்று நின்றாள்.

"பேரு எங்கயும் இல்லையே" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

"ஊருக்குத் தெரியாது சார். அவளுக்குத் தெரியும்ல?"

அந்த ஞாயிறு அட்டவணை சரிபார்த்த மூன்றாம் நாள் காலை, அம்மா வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலேயே சரிந்தாள். மாரடைப்பு. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். அவளைப் படுக்க வைத்ததும் சுருட்டைதான்.

அம்மா இறந்து இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியர் அழைத்தார். "மாசக் கடைசிக்குள்ள ஆய்வேட்டை நீங்க குடுத்தாலும் ஏத்துக்குவாங்கம்மா. அவங்க பேர்லயே பட்டம் வரும்."

மகள் எல்லா அத்தியாயங்களையும் அச்செடுத்து அடுக்கினாள். சுருட்டையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனை எடுத்து அழுத்தினாள். மணி போய்க்கொண்டிருக்கும்போதே, பல்கலைக்கழக முகவரிக்காக அம்மாவின் கைப்பையைத் துழாவினாள். உள்ளே நாலாவது அத்தியாயம் தனியாக மடித்திருந்தது. மேலே பென்சிலில்:

"வியாழன், சுருட்டை வீடு. பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டணும். போன்ல வேண்டாம்."

மகள் அழைப்பைத் துண்டித்தாள்.